பார்க்காமல் வரையாதவர்

டிராயிங் சார் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் சண்டை. முட்டையால் வந்த சண்டை.

நான் சத்துணவு அமைப்பாளர். பூதலூரில் இறங்கி மினி பஸ் பிடித்து வர வேண்டிய ஊர் எங்களுடையது. எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளிக்கூடம். அன்றைக்குப் பிள்ளைகளை வராண்டாவில் வரிசையாக உட்கார வைத்து, சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, ஆளுக்கொரு முட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆறாம் வகுப்பு முழுக்கத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் முட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் பென்சிலோடு.

"சார், சோறு ஆறிப் போவுது" என்றேன்.

"ஒரு நிமிஷம்க்கா. முட்டையில வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுது பாருங்க. இந்தப் பக்கம் சாம்பல் ஓடுது. அதைப் பாத்துட்டாங்கன்னா போதும்."

"வெளிச்சத்தைத் திங்க முடியாது சார். காலையில டீத்தண்ணி குடிச்சுட்டு வந்த பிள்ளைங்க."

அப்போதுதான் அவருக்குச் சோறே கண்ணில் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நடிப்பில்லை. பதறி எழுந்து, "ஐயையோ, சாப்பிடுங்க சாப்பிடுங்க" என்று தானே வாளியை வாங்கிச் சாம்பார் ஊற்றப் போனார். ஒவ்வொரு பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் முருங்கைக்காயை வைத்துக்கொண்டு அதே கூத்து.

அந்த மனிதரைப் பற்றி இப்போது எங்கள் ஊரில் பேச்செடுத்தால் வசவுதான் கிடைக்கும். டிராயிங் சாரால்தான் இலக்கியாவுக்குக் கண் போனது என்பது ஊர்ப் பேச்சு. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், கோபத்தில். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அவரை மட்டும் தனியாக எடுத்து வைத்துக் கோபப்பட எனக்கு முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பகுதி நேர ஆசிரியர். வாரத்தில் மூன்று நாள், அரை நாள் வேலை. தஞ்சாவூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் பூதலூர் வந்து, ஸ்டேஷனில் போட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார். அரை நாள் என்று பெயர்தான். பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, அவரைச் சாயங்காலம் வரை விடமாட்டார். சான்றிதழில் பெயர் எழுத வேண்டும், கரும்பலகைக்குக் கறுப்படிக்க வேண்டும், கம்ப்யூட்டரில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் செய்வார். "இந்த வருஷம் எப்படியும் நிரந்தரம் பண்ணிடுவாங்கக்கா" என்பார். அவர் வீட்டில் அவர் மனைவியும் அதை நம்பித்தான் இருந்தார். கத்தாரில் இருந்த அண்ணன் இரண்டு முறை விசாவுக்கு ஏற்பாடு செய்தும் இவர் போகவில்லை. நிரந்தரமாகிவிட்டால் அப்புறம் வருத்தப்படக்கூடாது பாருங்கள்.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பென்சில், பிளேடால் சீவியது. பேசும்போது முகத்தையே பார்ப்பார். கண் இமைக்கவே மாட்டார். முதலில் எனக்கு என்னவோ போல இருந்தது. கன்னத்தில் பருக்கை ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் ஆடுமாட்டையும் அப்படித்தான் பார்ப்பார், அடுப்பையும் அப்படித்தான் பார்ப்பார் என்று.

பார்க்காத எதையும் வரையமாட்டார். இது ஒரு பிடிவாதம். பள்ளிக்கூடச் சுவரில் தேசிய விலங்கு வரையச் சொன்னார் பெரிய டீச்சர்.

"நான் புலியைப் பாத்ததில்லையே டீச்சர்."

"போன்ல போட்டா ஆயிரம் புலி வருது சார்."

"அது வேற யாரோ பாத்தது."

சொல்லிவிட்டு, வாய்க்காலில் ஊறிக்கிடந்த எருமையை வரைந்தார். அதன் முதுகில் ஒரு மடையான் கொக்கு. எருமை என்றால் எருமை. ஈரம் காய்ந்த இடத்தில் சேறு வெளுத்திருந்தது வரைக்கும் இருந்தது. பார்வையிட வந்த அதிகாரி, "புலி எங்கே?" என்று கேட்டார். இவர் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன சார் பாக்கறீங்க?" என்று அவர் அதட்டினார். "உங்க இடது காது கொஞ்சம் இறங்கி இருக்குங்க. நல்லா இருக்கு" என்றார் இவர். பெரிய டீச்சருக்கு மயக்கம் வராத குறை. நான் சமையல் கட்டுக்குள் ஓடிப் போய்ச் சிரித்தேன்.

பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். பெரிதாக ஒன்றும் செய்துவிடமாட்டார். மிட்டாய் கூட வாங்கித் தந்ததில்லை. ஆனால் பார்ப்பார். எந்தப் பிள்ளை அழுதுவிட்டு வந்திருக்கிறது, எதற்குக் காலில் அடி, எவன் அக்காளின் சட்டையை வெட்டித் தைத்துப் போட்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? அம்மா நடவுக்குப் போயிருப்பாள், அப்பா திருப்பூரில் இருப்பான். எனக்கே நூற்றுக்கணக்கில் தட்டுதான் கண்ணில் படும், முகம் படாது.

இலக்கியா அப்படிக் கண்ணில் படாத பிள்ளைதான். ஆறாம் வகுப்பு, கடைசி வரிசை. அப்பன் வேலைக்கென்று போனவன் போனவன்தான். அம்மா களை எடுக்க, நாற்றுப் பறிக்க எங்கே கூப்பிட்டாலும் போவாள். ஒருநாள் சார் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கரண்டியைப் பிடித்திருந்த ஒரு கை. புறங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. என் கைதான். அந்தத் தழும்பு எனக்கே மறந்துபோயிருந்தது.

"யார் போட்டது சார்?"

"இலக்கியா. பார்வைன்னா இதுக்குத்தான்க்கா பார்வை. நானெல்லாம் சும்மா."

பிறகு அவளை விடவில்லை அவர். மற்றப் பிள்ளைகளுக்கு, "பாத்துட்டுப் போடு" என்பதோடு சரி. அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். "கண்ணை மூடாம பாரு. மூடித் தொறக்கறதுக்குள்ள அது மாறிடும்." அந்தப் பெண் அதையே வேதமாக எடுத்துக்கொண்டது. என் சமையல் கட்டு வாசலில் உட்கார்ந்து, கொதிக்கிற உலையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணில் தண்ணீர் வழியும். துடைக்காது. "ஏண்டி, கண்ணு அவிஞ்சு போயிடப் போவுது, எழுந்து போ" என்று திட்டினேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. சாரையும் கூப்பிட்டுத் திட்டினேன். "இது என்ன சார் பாடம்?" என்றேன். "தானா சலிச்சுப் போய் விட்டுடும்க்கா" என்று சிரித்தார். அது விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு நாள் அதிக நேரம் இமைக்காமல் இருந்து, அவரிடம் ஓடிப் போய்ச் சொல்லும். அவரும் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஓவியப் போட்டி வந்தது. ஒன்றிய அளவில் போட்டி, தலைப்பு விவசாயத்தில் ட்ரோன். ஜெயித்தால் மாவட்டத்துக்குப் போகலாம். பெரிய டீச்சர் போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டி, "இதைப் பாத்து நாலு பேரை வரைய வைங்க சார், வேலை முடிஞ்சுது" என்றார். அவர் கேட்பாரா?

அவருடைய நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அதே வாரம் ஒரு வேன் வந்தது. விவசாயிகளுக்கு ட்ரோன் எப்படி மருந்தடிக்கும் என்று காட்ட வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சாலையைத் தாண்டினால் வயல். அங்கேதான் பறக்க விட்டார்கள். ஊரே திரண்டு நின்றது. மருந்து கிடையாது, வெறும் தண்ணீர். வேனில் வந்தவரே மைக்கில் சொன்னார், பயப்படாதீங்க, வெறும் தண்ணிதான் என்று. அது பொழிந்த சாரலில் பிள்ளைகள் புகுந்து ஆடின. வாயைத் திறந்து குடித்தன. ஒரு கிழவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஆடினார். வெயில் வேறு அடித்ததா, சாரலில் சின்னதாக ஒரு வானவில் கூடத் தெரிந்தது. நானும் போய் நின்று நனைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக எங்கள் ஊர் இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பிள்ளைகள் வரைந்தன. ஒருவன் மேசையைக் கவிழ்த்து நாலு காலிலும் சீலிங் ஃபேனை மாட்டியிருந்தான். ஒருத்தி தும்பியை வரைந்து வயிற்றில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிவிட்டிருந்தாள். றெக்கை எத்தனை என்று கேட்டார் சார். நாலு என்றன சில. எட்டு என்றது ஒன்று. ஆளுக்கொரு கணக்கு.

"நீங்க யாரும் பாக்கல. நனைஞ்சீங்க, அவ்வளவுதான்" என்றார்.

இலக்கியா ட்ரோனையே வரையவில்லை. அதற்குக் கீழே காற்றில் படிந்து, வட்டமாகச் சுழன்று கிடந்த நெற்பயிரை மட்டும் வரைந்திருந்தாள். அந்தத் தாளை அவர் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "இது ஒண்ணுதான் பாத்திருக்கு" என்றார் என்னிடம்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு அதே நினைப்பு. பறப்பதை எப்படி வரைய வைப்பது? தாளில் போட்டால் ஒட்டி வைத்த மாதிரி நிற்கிறது, பறக்கமாட்டேன் என்கிறது என்பார். நிழலைத் தள்ளிப் போடச் சொல்லிக் கொடுத்தார். உடம்பு கறுப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும், கால் மெலிசாகத் தொங்க வேண்டும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். எல்லாம் சரியாக வந்தது. சுற்றுகிற றெக்கை மட்டும் அவருக்கே பிடிபடவில்லை. போடுவார், அழிப்பார். சாப்பிட வரும்போது என் அறையில் ஃபேனைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"சுத்தும்போது றெக்கை தெரியலக்கா. ஆனா அங்க என்னவோ இருக்கு. அந்த என்னவோவைத்தான் போடணும்."

"சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்க சார்" என்றேன்.

கார்த்திகை மாதம். சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. அதே வயலுக்கு மருந்தடிக்க வாடகைக்கு ட்ரோன் வருகிறது என்று பிள்ளைகள் சேதி கொண்டுவந்தன. இவர் பெரிய டீச்சரிடம் போய்க் கேட்டார். "போயிட்டு வாங்க சார், சீக்கிரம் வந்துடுங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அப்போது அங்கேதான் நின்றேன், முட்டைக் கணக்கில் கையெழுத்து வாங்க. இதை யார் எப்போது கேட்டாலும் சொல்வேன்.

ஆறாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிப் போனார். ட்ரோன் ஓட்ட வந்த ஆள், "வரப்புக்கு இந்தப் பக்கம் நில்லுங்க, போதும்" என்றிருக்கிறார். எங்கள் ஊரில் யாரும் அதைத் தப்பென்று நினைத்திருக்கமாட்டார்கள். முதுகில் டேங்க் கட்டி மருந்தடிக்கிற காலம் முழுக்க நாங்கள் அந்த வரப்பில் நின்று பேசிக்கொண்டுதானே இருந்தோம். ஆனால் இதில் மருந்து வேறு கணக்கு. முன்பு ஏக்கருக்கு டேங்க் டேங்காகத் தண்ணீரில் கரைத்து அடித்த மருந்தை, இது ஒரு குடம் தண்ணீரில் கரைத்துத் தூவுகிறது. அந்தக் கெட்டி எங்களுக்கு யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கு ட்ரோன் என்றால் தண்ணீர்.

நான் பின்பக்கம் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் நெடிதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாடைக்காற்று திரும்பியிருந்தது. ட்ரோன் வயல் ஓரத்தில் திரும்பும்போது அந்தப் புகை மாதிரியான சாரல் வரப்பைத் தாண்டி வந்தது. பிள்ளைகள் அதற்குள் ஓடின. மழை மழை என்று கத்திக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு ஓடின. அவர் ஐந்தாறு அடி தள்ளி, தாளைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். றெக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை அவர் பார்க்கவில்லை.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். சாலையைத் தாண்டி வரப்பில் கால் வைத்த பிறகுதான் என் குரல் அவருக்கு எட்டியது. திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தாளைப் போட்டுவிட்டு இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். போட்டுவிட்டு மறுபடி ஓடினார். பம்ப்படியில் நிறுத்தி நான் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். அவர் தன் சட்டையைக் கழற்றித் துடைத்தார். ஒரு பையன் அவர் மேலேயே வாந்தி எடுத்தான்.

இலக்கியா வரிசையில் கடைசியாக நின்றாள். முன்னால் இழுத்தேன்.

"மத்தவங்களுக்கு ஊத்துங்க டீச்சர். எனக்கு ஒண்ணும் இல்ல."

இழுத்துப் பிடித்துத் தலையோடு ஊற்றினேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். "கண்ணு எரியுதா?" என்றேன். "இல்ல" என்றாள். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாள். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளைப் படுக்க வைத்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் ஒவ்வொருவரையும் என்ன செய்கிறது என்று கேட்டார். இவள் தலை சுற்றுகிறது என்று மட்டும் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் தேறி வீட்டுக்கு வந்துவிட்டன. இவளும் வந்தாள். வீட்டில் எரிச்சல் தாங்காமல் அழுதபோது அவள் அம்மா குளிர்ச்சிக்கென்று விளக்கெண்ணெய் விட்டிருக்கிறாள். தாய்க்காரி வேறென்ன செய்வாள்? அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனபோது வலது கண் இளநீர் வழுக்கை நிறத்தில் இருந்தது. இடது கண்ணிலும் புண்.

மருந்து எல்லாப் பிள்ளைகள் மேலும்தான் விழுந்தது. இவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்று ஊர் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

விசாரணை பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. அதிகாரி வந்தார், பெற்றவர்கள் வந்தார்கள். பெரிய டீச்சர், தனக்குத் தெரியாமல் அழைத்துப் போனார் என்றார். நான் எழுந்து, "நீங்கதானே போயிட்டு வரச் சொன்னீங்க" என்றேன். "சமையல் விஷயமா ஏதாவது இருந்தா சொல்லும்மா" என்றார் அதிகாரி. அதற்கு மேல் என்னை யாரும் கேட்கவில்லை.

இலக்கியாவை அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். கண்ணில் கட்டு.

"சார் என்னம்மா சொன்னாரு?" என்றார் அதிகாரி.

"வரப்பைத் தாண்டாதீங்கன்னு சொன்னாரு. வேணாம் வேணாம்னு கத்துனாரு. நாங்கதான் ஓடுனோம்."

பச்சைப் பொய். தடுமாறாமல் சொன்னாள். மற்றப் பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின. அவள் அம்மா முன்னால் வந்தாள். "எம் பொண்ணு பொய் சொல்லாதுங்க. சார் தங்கமானவரு. எங்க தலையெழுத்து இது. அவரு பொழப்புல கைய வச்சிடாதீங்க" என்றாள். அதிகாரி பேனாவை மூடிக்கொண்டார். எச்சரிக்கையோடு விட்டுவிடுவார் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் அவர் எழுந்தார்.

"இல்லைங்க. நான் வேணாம்னு சொல்லல. சொல்லணும்னா பாத்திருக்கணும். நான் பிள்ளைங்களைப் பாக்கவே இல்லை, றெக்கையைப் பாத்துக்கிட்டிருந்தேன்." பிறகு இலக்கியாவின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "எது நடந்தாலும் கண்ணை மூடாம பாருன்னு அதுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்மா. மத்த பிள்ளைங்க சாரல் பட்டதும் கண்ணை மூடியிருக்கும். அது மூடியிருக்காது."

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெசமா சார்?"

"நெசம்மா."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் அந்த மனிதருக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் ஒன்றும் செய்யவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பன்னிரண்டு வயதுப் பெண்ணை. வைத்துக்கொண்டு வெளியே போனாள். இலக்கியா தோளுக்கு மேல் தலையைத் திருப்பி, "நான் பொய் சொல்லல சார், நீங்க சொன்னீங்க, கத்துனீங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பகுதி நேர ஆளை அனுப்ப அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வெளியே சைக்கிளை எடுக்கும்போது நான் பிடித்துக்கொண்டேன்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா சார்? அந்தப் பிள்ளை உங்களுக்காகத்தானே கண்ணு எரியுதுன்னு கூடச் சொல்லாம கெடந்துச்சு? அதைப் போய் வீணடிச்சுட்டீங்களே."

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அந்த விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் ஏன் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை என்று அவர் யோசித்ததே இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். ஏறி மிதிக்கவில்லை. ஊர் எல்லை வரைக்கும் உருட்டிக்கொண்டே போனதாகச் சொன்னார்கள். அந்த ட்ரோன் இன்றைக்கும் வருகிறது, அதே வயலுக்கு மருந்தடிக்கிறது. இப்போது பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

இலக்கியாவுக்கு வலது கண் போயே போய்விட்டது. இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் தேறும் என்றார்கள். மதுரை வரைக்கும் அவள் அம்மா தூக்கிக்கொண்டு அலைந்தாள். முதல் வருஷம் எழுத்து தெரிந்தது. பிறகு ஆள் மட்டும் தெரிந்தது. இப்போது எட்டாம் வகுப்பு. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிகிறது. சாப்பாட்டு வேளையில் ஒரு தோழி கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். நான் தட்டைக் கையில் கொடுத்து, சோறு எந்தப் பக்கம், பொரியல் எந்தப் பக்கம் என்று சொல்வேன்.

போன மாதம் ஒருநாள் தட்டை வாங்கும்போது கேட்டாள். "டீச்சர், டிராயிங் சாரை எங்கயாவது பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"பாத்தா, எனக்குக் கண்ணு தெரியுதுன்னு சொல்லிடுங்க. ரெண்டும் தெரியுதுன்னு. அவரு அதையே நெனச்சுக்கிட்டிருப்பாரு."

அவர் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. வாட்ஸப்பில் வருகிற போட்டோவில் ஆளை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் ரோஜாப் பூவும் வானமும் வைக்கிற வேலை. இதற்கென்றே அடுத்த சனிக்கிழமை போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. திரையில் செத்துப்போன யாரோ ஒரு பெரியவர். சட்டைப் பையில் பென்சில் இல்லை.

"வாங்கக்கா" என்று எழுந்து ஸ்டூலைத் தள்ளினார். டீ சொன்னார். அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இலக்கியா எப்படி இருக்கு?"

"எட்டாவது படிக்குது சார். நல்லா இருக்கு. கண்ணு தெரியுதுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு."

"இடது கண்ணா?"

"ரெண்டும் சார். மதுரையில ஆபரேஷன் பண்ணாங்க. நல்லாத் தெரியுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்தும் அந்தப் பார்வை மாறவில்லை. இமைக்கவே இல்லை. நான் சிரித்த முகமாக இருக்கத்தான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தேன். எவ்வளவு நேரம் முடியும்? டீ வந்தது. டம்ளரை வாங்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"சரிக்கா" என்றார். "சந்தோஷம்னு சொல்லுங்க."

அதற்கப்புறம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை திரையில் அந்தப் பெரியவரைச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தார். நான் கிளம்புகிறேன் என்றபோது தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் இலக்கியாவின் தட்டில் சோற்றைப் போட்டபடி சொன்னேன். "சாரைப் பாத்தேன்டி. சொல்லிட்டேன்."

"நம்புனாரா டீச்சர்?"

"நம்புனாரு. சந்தோஷம்னு சொல்லச் சொன்னாரு."

அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சிரித்தாள். அவளிடம் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.